திருவொற்றியூரில் அரை கிரவுண்டு: கீழே மண்கல் சுவர், மேலே கன்டெய்னர். மாநகராட்சி விடுமா?

காலடிப்பேட்டைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். காலடிப்பேட்டையில் ரயில் தண்டவாளத்துப் பக்கம் எங்கள் பாட்டி இருந்த ஓட்டு வீடு. இருபதுக்கு அறுபது, அரை கிரவுண்டு. ஓடு பாதி சரிந்துவிட்டது, இடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். எனக்கு நாலு காலம், அதாவது கான்கிரீட் தூண், நிறுத்திப் பெட்டி மாதிரி வீடு கட்ட மனசில்லை. கீழே சிமென்ட் கலந்து அழுத்தின மண்கல்லில் சுவர், மேலே மணலி பக்கம் யார்டில் விற்கிற பழைய இருபதடி கன்டெய்னர் ஒன்றை ஏற்றி ஒரு அறை, ஒரு மொட்டை மாடி. இதுதான் ஆசை. பார்க்க வந்த எஞ்சினியர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "மாநகராட்சி விடாது சார்." எந்த விதி விடாது என்று கேட்டால் பதில் இல்லை. இங்கே யாருக்காவது தெரியுமா, எந்த விதி?

டிராயிங் ஷீட்:
அந்த எஞ்சினியர் சொன்னது விதி இல்லை, பழக்கம். நான் தொழிலில் இருக்கிறவன், தொண்டியார்பேட்டை மண்டலத்தில் பிளான் போடுகிறேன். இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த மேம்பாடு மற்றும் கட்டட விதிகள். அதைப் புரட்டிப் பாருங்கள். முன்னால் எவ்வளவு விட வேண்டும், பக்கத்தில் எவ்வளவு, ரோடு எத்தனை அடி, உயரம் எவ்வளவு, மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம், மழைநீர்த் தொட்டி எங்கே, வண்டி எங்கே நிற்கும் என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கும். சுவர் செங்கல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. உங்கள் மனைக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது 1,200 சதுர அடி இடத்தில் 2,400 வரை கட்டலாம். நீங்கள் கேட்பது அதில் பாதிகூட வராது.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டமும் இருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும், 7 மீட்டர் உயரத்துக்குள் என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே உடனே அனுமதி. எந்த ஆபீஸ் படிக்கட்டும் ஏற வேண்டியதில்லை. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: அடித்தளம் இரண்டடி, கீழ்த்தளம் பத்தடி, மேலே உயரமான ரக கன்டெய்னர் ஒன்பதரை அடி. ஆறரை மீட்டர் சொச்சம்தான், உள்ளே வந்துவிடும். ஆனால் 'நான் விதிப்படிதான் கட்டுகிறேன்' என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். பொய் என்று தெரிந்தால் அனுமதி ரத்து, அப்புறம் சீல் வைக்க வந்தால் என்னிடம் போன் பண்ணக்கூடாது.

மண்கல்லுக்கு ஐஎஸ் 1725 என்று தரநிலையே இருக்கிறது. சுவர் கணக்குக்கு ஐஎஸ் 1905. சென்னை நிலநடுக்க மண்டலம் 3-ல் இருப்பதால் அடித்தளம், கதவு ஜன்னலுக்கு மேல் லிண்டல், கூரை மூன்று மட்டத்திலும் சுற்றிலும் கான்கிரீட் பட்டை ஓட்டச் சொல்வார்கள். கணக்குப் போட்டுக் கையெழுத்திடத் தெரிந்த ஸ்ட்ரக்சுரல் ஆள் கிடைத்தால் போதும். கிடைப்பதுதான் கஷ்டம்.

யார்டு பாய்:
மணலியில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பார்க்க அழகாக இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள், முதலில் டேப் எடுத்து உள்ளே போய் அளந்து பாருங்கள். சாதாரண இருபதடிப் பெட்டியின் உள் அகலம் 2.35 மீட்டர், உள் உயரம் 2.39. உயரமான ரகத்தில் உயரம் 2.69. வெயிலுக்குத் தடுப்பு வைத்து போர்டு அடித்தால் இரண்டு பக்கமும் இன்னும் இரண்டிரண்டு அங்குலம் போய்விடும். உள்ளே ஒரு கட்டில் போட்டால் பக்கத்தில் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும்.

அப்புறம் கிரேன். வெறும் பெட்டியே இரண்டேகால் டன் வரும். டிரெய்லர் உங்கள் சந்தில் திரும்புமா? அதை விடுங்கள், மேலே ஈபி கம்பி, கேபிள் டிவிக்காரன் கம்பி, அதற்கு மேல் எவனோ கட்டின அரசியல் தோரணம். கம்பியை இறக்க மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து ஆள் வந்து நிற்கணும். எனக்குத் தெரிந்து கொருக்குப்பேட்டையில் ஒருத்தர் பெட்டியை வாங்கி முக்கு ரோட்டிலேயே வைத்துவிட்டார். சந்துக்குள் போகவில்லை. கடைசியில் வெல்டரை வைத்துத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் புதுத் தகடே வாங்கியிருக்கலாம்.

டிராயிங் ஷீட்:
யார்டு பாய் சொன்ன அளவு ரொம்ப முக்கியம். தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஆள் வசிக்கிற அறைக்கு 2.75 மீட்டர் உயரம் கேட்கிறது. உயரமான ரகப் பெட்டியே 2.69 தான், ஆறு சென்டிமீட்டரில் தோற்கிறது. வீட்டில் ஒரே அறை என்றால் அகலம் 2.4 வேண்டும், இரண்டாவது அறை என்றால் 2.1 போதும். உங்களுடையது மாடியில் இரண்டாவது அறை, அகலத்தில் தப்பித்துவிடும். உயரத்துக்கு ஒரு வழி இருக்கிறது, சொன்னால் சிரிப்பீர்கள்: ஏசி போட்ட அறைக்கு 2.4 மீட்டர் போதும் என்கிறது அதே தொகுப்பு. இயற்கை வீடு கட்டப் போனவர் விதிக்காக ஏசி வாங்க வேண்டும்.

ராயபுரத்துப் பேரன்:
வித்தியாசமான வீடு என்றாலே ஏன் எல்லாரும் ஆரோவில்லுக்கும் கேரளாவுக்கும் ஓடுகிறீர்கள்? நம்ம ஏரியாவிலேயே இருக்கிறதே. மண்ணடி, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டையில் தெருவோடு தெருவாக ஒட்டிக்கொண்டு நிற்கிற வீடுகளில் மேலே பாருங்கள், மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதன்மேல் ஒரு அங்குல கனத்துக்கு மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக, குறுக்குச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து பொம்பளைங்க வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். எங்கள் தாத்தா வீட்டில் உத்திரத்துக்கு நடுவில் ஒரு கல்கூட இதுவரை விழவில்லை. மே மாதம் மதியம் அங்கே மின்விசிறி இல்லாமல் படுக்கலாம். பக்கிங்காம் கால்வாயில் பழவேற்காட்டிலிருந்து படகில் கிளிஞ்சல் வந்து இறங்கும், அதைச் சுட்டதுதான் அந்தச் சுண்ணாம்பு.

இன்றைக்கு அதே வீட்டைக் கட்டுகிறேன் என்று போனால் 'வித்தியாசமான வீடு' என்கிறார்கள். எது சார் வித்தியாசம்? பக்கத்து வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டுவதுகூட அங்கே தொடர் கட்டடப் பகுதி என்று விதியிலேயே ஏற்றுக்கொண்ட விஷயம்தான்.

விதி வேணும்:
மன்னிக்கணும், இந்த இழை முழுக்க விதி என்றாலே வில்லன் மாதிரி பேசுகிறீர்கள். 2014 ஜூன் மாதம் மௌலிவாக்கத்தில் பதினோரு மாடி சரிந்து 61 பேர் செத்தார்கள். 2004-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள், சமையல்கட்டுத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவியதால். வியாசர்பாடி பக்கம் வெயில் காலத்தில் குடிசை எரிவதைப் பார்த்து வளர்ந்தவன் நான், ஒரு வீட்டில் பிடித்தால் வரிசையே போய்விடும். கூரை எதில் போடலாம், பக்கத்தில் எவ்வளவு விடணும் என்று கேட்பது அதற்குத்தான். உங்களுக்கு அழகான வீடு வேணும், சரி. பக்கத்து வீட்டுக்காரன் உயிரோடு தூங்கணுமே.

டிராயிங் ஷீட்:
விதி வேணும் சார், நீங்கள் சொன்னதில் பாதி சரி. மௌலிவாக்கத்தில் இடிந்தது மண் வீடு இல்லை, அனுமதி வாங்கின கான்கிரீட் கட்டடம். பொருளைப் பார்த்து பயப்படுவதில் அர்த்தமில்லை, கணக்கு யார் போட்டது, அதன்படி கட்டினார்களா என்று பாருங்கள். தீ விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். கீற்று, ஓலை வேய்வதை நெருக்கமான தெருவில் யார் கேட்டாலும் நான் பிளானில் போடமாட்டேன். பக்க இடைவெளியும் அப்படித்தான், அதில் ஒரு அங்குலம்கூட திருடாதீர்கள். நம் ஊரில் விதியை மீறுகிறவன் முக்கால்வாசிப் பேர் விசித்திர வீடு கட்டுகிறவன் இல்லை, சாதாரணக் கான்கிரீட் வீட்டைப் பக்கத்துச் சுவர் வரைக்கும் இழுத்துக் கட்டுகிறவன். அவனுக்காகத்தான் 1999-க்கும், அப்புறம் 2007-க்கும் தேதி வைத்து, அதற்கு முன் மீறிக் கட்டினதைப் பணம் வாங்கி ஏற்றுக்கொள்கிற வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தார்கள்.

காலடிப்பேட்டைக்காரன், உங்களுக்கு ஒன்று. கன்டெய்னரின் பாரம் சுவர் முழுக்கப் பரவாது, நாலு மூலை வார்ப்பில்தான் இறங்கும். மண்கல் சுவரில் நாலு புள்ளியில் பாரம் இறங்கினால் அந்த இடத்தில் வெடிக்கும். அதற்கு நாலு தூண், ஒரு சுற்றுபீம். நீங்கள் வேண்டாம் என்று ஓடின அதே நாலு காலம் பின்வாசல் வழியாக வந்து நிற்கிறது. பக்கவாட்டில் பெரிய ஜன்னல் வெட்டினாலும் அப்படித்தான், அந்த நெளிவுத் தகடுதான் பெட்டியின் பலமே. வெட்டின இடத்தைச் சுற்றிச் சட்டம் போட்டு வெல்டு அடிக்கணும்.

எண்ணூர் காத்து:
நான் எர்ணாவூர்க்காரி. கடல் காத்து என்ன பண்ணும் என்று யாரும் சொல்லவில்லையே. எங்கள் வீட்டு ஜன்னல் கிரில்லுக்கு வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்காவிட்டால் பொங்கி உரிந்துவிடும். கன்டெய்னர் தகடு சீக்கிரம் துருப்பிடிக்காத ரக இரும்புதான், மேலே பெயின்டும் இருக்கும், ஆனால் நீங்கள் வெட்டி வெல்டு அடித்த ஒவ்வொரு ஓரமும் சாதாரண இரும்பு மாதிரிதான் துருப்பிடிக்கும். இன்னொரு விஷயம், பழைய பெட்டியின் தரை ஒரு அங்குலத்துக்கு மேல் கனமான பிளைவுட், பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள். அதன்மேல் குழந்தை தவழும் என்றால் யோசியுங்கள், பிய்த்துவிட்டு வேறு தரை போடுங்கள்.

மண் விஷயமும் கேளுங்கள். திருவொற்றியூர் மண் கடற்கரை மணல், உப்பு வேறு. அதில் மண்கல் வராது. களியும் மணலும் கலந்த செம்மண் வெளியிலிருந்து லாரியில் வரணும். 'உள்ளூர் மண்ணில் வீடு' என்று முகநூலில் போட்டுக்கொள்ள முடியாது. எங்கள் பக்கம் உண்மையிலேயே உள்ளூர்ப் பொருள் என்றால் அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான், அதில் செய்த சாம்பல்கல் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. இத்தனை வருஷம் அந்தச் சாம்பலை மூச்சில் வாங்கினோம், சுவரிலும் வைத்துக்கொள்ளலாம்.

கடலிலிருந்து 500 மீட்டருக்குள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டீர்களா? வந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், தனிக் கதை. ஏற்கெனவே இருக்கிற ரோட்டுக்கு நிலப்பக்கமா கடல்பக்கமா என்பதில்தான் அங்கே எல்லாமே நிற்கும்.

காலடிப்பேட்டைக்காரன்:
தண்டவாளத்துப் பக்கம் என்பதால் கடலுக்கு ரொம்பத் தள்ளித்தான் அக்கா, அந்தக் கவலை இல்லை. மண் விஷயம் நெத்தியில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், இங்கே எல்லாரும் முடியாததற்குக் காரணம் கண்டுபிடிப்பதில் கில்லாடிகள். கட்டி முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எலிப்பொறி மாதவரம்:
இருக்கிறேன். மாதவரத்தில் எலிப்பொறிக் கட்டில் வீடு கட்டிக் குடியிருக்கிறேன், லாரி பேக்கர் கேரளாவில் பிரபலமாக்கினாரே, அதுதான். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவர்தான், செங்கல் கால்பங்கு மிச்சம், உள்ளே காற்று நிற்பதால் சூடு குறைவு. மேலே ஃபில்லர் ஸ்லாப், கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் இரண்டிரண்டு சீமை ஓடுகளை, அதாவது தட்டையான மங்களூர் ஓடுகளை, கவிழ்த்துப் போட்டு இடத்தை அடைப்பது. கம்பி இருக்கும், கணக்கு இருக்கும், மாநகராட்சிக்கு அது சாதாரண வீடுதான். அனுமதியில் ஒரு கேள்வி வரவில்லை.

கேள்வி வந்தது வேறு இடங்களில். முதலில் மேஸ்திரி. அவருக்குக் கை சும்மா இருக்காது, நடுவில் ஓட்டை தெரிந்தாலே கலவையை அள்ளிப் போட்டுவிடுவார். நான் பக்கத்திலேயே நின்று, ஒரு பலகைத் துண்டை வெற்றிடத்துக்கு மேல் மூடி வைத்துத்தான் ஒவ்வொரு வரிசையும் கட்ட வைத்தேன். மூன்றாவது நாளிலிருந்து அவரே பலகையை எடுத்து வைத்தார், அப்புறம் தன் ஆட்களை என்னைவிட அதிகமாகத் திட்டினார். செங்கல் எல்லாம் ஒரே அளவில் இருக்கணும், சூளையில் பொறுக்கி எடுக்கணும். அடித்தளத்திலும் ஜன்னல் அடியிலும் கெட்டியாகக் கட்டணும்.

அடுத்தது பேங்க். பிளான், பத்திரம் எல்லாம் சரி. மதிப்பீடு போட வந்தவர் பூச்சு இல்லாத சுவரைப் பார்த்துவிட்டு 'வேலை முடியவில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். முடிந்துவிட்டது, இதுதான் வீடே என்று புரியவைக்க மேனேஜர் வரைக்கும் போக வேண்டியிருந்தது. கடைசித் தவணை அதில் தொங்கியது. தெருவில் இன்னும் கேட்கிறார்கள், 'ஏன் சார், பூசக் காசு பத்தலையா?' என் மாமியார் மட்டும் முன்பக்கம் பூசியே ஆகணும் என்றார். பூசிவிட்டோம். அதெல்லாம் விதிப்புத்தகத்தில் வராது.

ஷேர் ஆட்டோ:
தலைவரே, இவ்வளவு வம்பு எதுக்கு? நம்ம நாமக்கல் பக்கத்துத் தம்பி ஒருத்தர் ஆட்டோ மேலேயே ஆறுக்கு ஆறு, 36 சதுர அடியில் வீடு கட்டினாரே, படுக்கை, அடுப்பங்கரை, குளியல் எல்லாம் உள்ளே. சக்கரம் இருந்தால் அது வண்டி, கட்டடமே இல்லை. கன்டெய்னரையும் சும்மா வைத்துவிட்டு 'சைட் ஆபீஸ்' என்று சொல்லிவிடலாம்.

டிராயிங் ஷீட்:
இந்த யோசனை மாதம் ஒருத்தர் என்னிடம் கொண்டுவருகிறார். கட்டடம் என்றால் எந்த நோக்கத்துக்காகவும் எந்தப் பொருளாலும் கட்டியது என்றுதான் தேசியத் தொகுப்பில் இருக்கிறது. ஜாக்கி வைத்து நிறுத்தி, தண்ணீர் இணைப்பும் கழிவுநீர் இணைப்பும் கொடுத்து, குடும்பம் குடியேறிவிட்டால் சக்கரத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. அந்தத் தம்பி செய்தது அருமையான வேலை, அதைத் தெருவில் ஓட்டிக்கொண்டு போகலாம். குடும்பத்தோடு அரை கிரவுண்டில் வாழ அது பதில் இல்லை.

மணலி புதுநகர்:
எங்கள் ஊர்க் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு வழியாக எங்கள் தெருவுக்கு வரும். 2015, 2021, 2023, மூன்றிலும் பார்த்தாச்சு. இங்கே வித்தியாசமான வீடு என்றால் கால் மேல் நிற்கிற வீடுதான். என் மச்சான் கீழே முழுக்க வண்டி நிறுத்துமிடமாகத் திறந்துவிட்டு மேலே குடியிருக்கிறான். அந்தத் தளம் எஃப்எஸ்ஐ கணக்கில் வராது, தண்ணீர் வந்தால் போய்விடும். இதை யாரும் இயற்கை வீடு என்று பத்திரிகையில் போடமாட்டார்கள், ஆனால் எங்கள் தெருவில் கட்டில் நனையாத வீடு அதுதான். சிக்கல் எங்கே என்றால், தண்ணீர் வடிந்த மறுவருஷமே அந்தக் கீழ்த்தளத்தைச் சுவர் எழுப்பி வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அது விதிமீறல், அடுத்த வெள்ளத்தில் வாடகைக்காரன் சாமான் மிதக்கிறது.

விதி வேணும்:
இதைத்தான் நான் சொன்னேன்.

மணலி புதுநகர்:
சரி சார், இதில் நீங்கள் சொன்னதுதான்.

காலடிப்பேட்டைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பேசினோம். கன்டெய்னரை விட்டுவிடுகிறேன், என் மனைவிக்கு அது முதலிலிருந்தே பிடிக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. மண்கல்லும் இல்லை. எலிப்பொறி அண்ணன் சொன்ன மாதிரி சுவர், ஃபில்லர் ஸ்லாப். பாட்டி வீட்டிலிருந்து இறக்குகிற ஓட்டில் உடையாததைப் பொறுக்கி ஸ்லாபுக்குள் வைக்கலாமா? மாடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறை, மிச்சம் மொட்டை மாடி. ராயபுரம் நண்பரே, சுண்ணாம்புத் தளம் தட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா? மொட்டை மாடியில் தட்டோடு (தட்டையான தள ஓடு) பதிப்பதற்கு முன், செங்கல் பொடியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு சுர்க்கித் தளமாவது போட்டுப் பார்க்க ஆசை.

எலிப்பொறி மாதவரம்:
நாட்டு ஓடா, சீமை ஓடா? நாட்டு ஓடு வளைந்து சின்னதாக இருக்கும், இடத்தை அடைக்காது, எண்ணிக்கை ஏகப்பட்டது வேணும். சீமை ஓடு என்றால் தாராளமாக. கான்கிரீட் போடுவதற்கு முன் நன்றாகத் தண்ணீரில் ஊறப்போடுங்கள், காய்ந்த ஓடு கலவைத் தண்ணீரைக் குடித்துவிடும். என் மேஸ்திரி நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பலகைத் துண்டை அவரே கொண்டுவருவார்.

ராயபுரத்துப் பேரன்:
தட்டுகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் இருக்கிறார்கள். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிற காண்டிராக்டர்களிடம் கேளுங்கள், அவர்கள்தான் கூப்பிட்டுப் போகிறார்கள். கூலி சிமென்ட் வேலையை விட அதிகம், முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள்.

டிராயிங் ஷீட்:
பிளான் நான் போட்டுத் தருகிறேன், அதெல்லாம் ஒரு வாரத்து வேலை. அதற்கு முன் ஒன்று. பட்டா இப்போது யார் பேரில் இருக்கிறது?

காலடிப்பேட்டைக்காரன்:
தாத்தா பேரில்தான் சார். பாட்டியும் போய்விட்டார். வாரிசு அப்பாவோடு சேர்த்து மூன்று பேர், ஒரு சித்தப்பா, ஒரு அத்தை. அத்தை திருத்தணியில் இருக்கிறார்.

டிராயிங் ஷீட்:
அப்போது செங்கல்லை மறந்துவிட்டு வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போடுங்கள். அத்தையும் சித்தப்பாவும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டு விடுதலைப் பத்திரம் பதிவாகி, பட்டா உங்கள் அப்பா பேருக்கு மாறின பிறகு வாருங்கள். அந்த இணையதளம் சுவர் எதில் என்று கேட்காது, இதைக் கேட்கும். உங்கள் பக்கம் கோவில் மனை நிறைய இருக்கிறது, பத்திரத்தில் அடிமனை, அதாவது வீட்டுக்கு அடியில் இருக்கிற நிலம், யாருடையது என்றும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

காலடிப்பேட்டைக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை திருத்தணி போகிறோம். அத்தைக்கு வீட்டை இடிப்பதில் இஷ்டமில்லை, அதையும் பேசணும்.